பதினான்காவது பொருள்

பட்டறை,
மார்ச் 4

மதிப்பிற்குரிய எரிசக்தித் துறைத் துணைச் செயலாளர் அவர்களுக்கு,

இப்படி எழுதினால்தான் பிரித்துப் படிப்பாய் என்று இந்த மரியாதை. "அன்புள்ள தம்பிக்கு" என்று ஜனவரியில் எழுதியதற்கு உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. பதினெட்டு வருஷம் பேசாமல் இருந்தவள் வெட்கத்தை விட்டு எழுதிய கடிதம் அது. வெளிநாட்டுப் பாகங்களுக்குக் கெடுபிடி வரப்போகிறதாமே, நம் இன்வெர்ட்டர் வேலைக்கு இவையெல்லாம் வேண்டும், இவற்றிலாவது கை வைக்காமல் பார்த்துக்கொள் என்று கேட்டிருந்தேன். கூடவே ஒரு பட்டியல். பதினாறு பொருள், என் கையெழுத்தில்.

நேற்றுப் பதில் வந்துவிட்டது. அரசிதழில் அச்சாகி.

பட்டறை போர்மேன்தான் செல்போனில் காட்டினார். நாட்டை ஆள்கிற பெரியவர் ஒரே நாளில் மூன்று ஆணையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் தூக்கிக் காட்டுகிறார். முதல் ஆணை எரிசக்திக்கு: மூட வேண்டிய நிலக்கரி ஆலையை மூடக்கூடாது, அதைச் சரிசெய்யும்வரை பகலில் முறைவைத்து மின்வெட்டு, டீசல் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும். இரண்டாவது வர்த்தகத்துக்கு: இணைப்புப் பட்டியலில் உள்ள பாகங்களை இனி இறக்குமதி செய்யக்கூடாது. மூன்றாவது தொழில்நுட்பப் பாதுகாப்புக்கு: அதே இணைப்பில் உள்ள பாகம் எந்தக் கருவியில் இருந்தாலும் அதை எவனோ வெளியிலிருந்து இயக்கிவிடலாமாம். அதனால் ஆஸ்பத்திரி, குடிநீர் நிலையம் எல்லா இடத்திலும் நாற்பது நாளுக்குள் கழற்றிவிட வேண்டும்.

அந்த இணைப்பைப் படித்தேன். பதினாறு பொருள். நான் எழுதிய அதே வரிசை. அவசரத்தில் ஒரே கெப்பாசிட்டரை ஐந்தாவதாகவும் பதினொன்றாவதாகவும் எழுதித் தொலைத்திருந்தேன். அரசாங்கமும் அதை இரண்டு தடவை தடை செய்திருக்கிறது. பதினான்காவது, "பி-9 காயில்". பி-9 எந்த நாட்டிலிருந்து வருகிறது தெரியுமா? நம் பட்டறையில் ஜன்னலோரம் இருக்கிற பி ரேக்கிலிருந்து வருகிறது. எட்டுக் காயில் எரிந்து ஒன்பதாவது நின்றது, அதனால் பி-9. என் வீட்டுக்காரர், அதான் உன் மாமா, சுற்றியது. உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. உள்ளே செம்புக் கம்பியும் இரும்பும்தான். அதை யார் எங்கேயிருந்து இயக்குவார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். உன் மாமாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருஷமாகிறது. செவ்வாய், வியாழன், சனி, எட்டுக் கட்டில் போட்ட டயாலிசிஸ் சென்டரில் நாலு மணி நேரம் படுத்திருக்கிறார். கரண்ட் போனால் எட்டு மெஷினையும் நிற்காமல் ஓட்டுவது நம்முடைய இன்வெர்ட்டர். பழைய மாடல். பட்டியலில் உள்ள மற்ற எதுவும் அதில் இல்லை, பி-9 மட்டும்தான் இருக்கிறது. ஏப்ரல் பதினொன்றோடு கெடு முடிகிறது. அப்போது மின்வெட்டும் நடந்துகொண்டிருக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்.

என் பட்டியலை எடுத்துக் கொடுத்த கை யாருடையது? போனில் கூப்பிடாதே, பேச்சை மாற்றிவிடுவாய். எழுத்தில் வேண்டும்.

உன் அக்கா


நான்காம் தளம்,
மார்ச் 9

அக்கா,

கடிதம் கிடைத்தது. தயவுசெய்து அலுவலக விலாசத்துக்கு இனி எழுதாதே. இங்கே வரும் தபாலைப் பிரிவு எழுத்தர் பிரித்துவிடுகிறார். கவரின் பின்பக்கம் வீட்டு விலாசம் இருக்கிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பிப்ரவரி கடைசியில் ஒருநாள் காலை பத்தரை மணிக்கு இயக்குநர் என் மேஜைக்கு வந்தார். "உள்ளூர்ப் பட்டறைகளைக் காப்பாத்தற மாதிரி ஒரு லிஸ்ட் வேணும். இங்கேயே செய்யற பாகங்கள். சாப்பாட்டுக்கு முன்னாடி மேல போகணும்" என்றார். எங்கள் துறையில் அப்படி ஒரு பட்டியல் கிடையாது. அதற்காகப் போட்ட கமிட்டிகள் உண்டு, பட்டியல் கிடையாது. என் இழுப்பறையில் உன் கடிதம் இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தை நான் முழுசாகப் படித்திருக்கவில்லை. "அன்புள்ள தம்பிக்கு" என்ற வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. நாலு தடவை எடுத்து நாலு தடவையும் உள்ளே வைத்துவிட்டேன். அன்றைக்குப் பட்டியல் இருந்த தாளை மட்டும் உருவினேன். பதினான்காவதாக பி-9 என்று இருந்தது. பி என்றால் ஜன்னலோர ரேக் என்று எனக்குத் தெரியாதா? சரி, பதினாறும் நீங்களே செய்கிற சரக்கு என்று முடிவு கட்டினேன். இதெல்லாம் வெளியிலிருந்து வருவதை நிறுத்தினால் உங்களுக்கு வேலை குவியும் என்று நினைத்தேன். உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

மூன்றாவது ஆணை எங்கள் துறையுடையது அல்ல. பாதுகாப்புப் பிரிவுக்காரர்களுக்கும் அவசரம். தயாராக ஒரு இணைப்பு இருக்கிறதே என்று எங்களுடையதையே கோத்துக்கொண்டார்கள். அரசிதழைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும்.

விலக்கு கேட்க வழி இருக்கிறது. படிவம் ஆறு. உடனே போடு.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. வெளிநாட்டுப் பாகங்களின் பட்டியலில் பி-9க்கு என்ன வேலை? அதை ஏன் எழுதினாய்?

தம்பி


பட்டறை,
மார்ச் 14

தம்பி,

நல்லது செய்தாயாக்கும். என் கடிதத்தைப் படிக்க உனக்கு நெஞ்சு இடம் கொடுக்கவில்லை, ஆனால் தாளை உருவி மேலே அனுப்பக் கை வந்தது. நாடு பூராவும் எத்தனை பட்டறை இருக்கிறது, எத்தனை பேர் என்ன பாகத்தை நம்பிப் பிழைக்கிறார்கள் என்று ஒரு ஆளிடம் விசாரிக்கவில்லை. அக்காவின் துண்டுத் தாள் போதுமாக இருந்திருக்கிறது. இதற்கு நாலு மாடிக் கட்டடம், லிப்ட் வேறு.

படிவம் ஆறு போட்டேன். எந்த நாட்டிலிருந்து இறக்குமதி என்று ஒரு கட்டம். "இங்கேதான்" என்று எழுதினேன். கவுன்ட்டரில் இருந்தவர் நல்ல மனுஷர், தண்ணீர்கூடக் கொடுத்தார்.

"மேடம், இறக்குமதி ஆகாத பொருளுக்கு விலக்கு கிடையாதுங்க."

"அப்போ தடை?"

"தடை உண்டு."

"அது எப்படிங்க? இறக்குமதியே இல்லைன்னு நீங்களே சொல்றீங்களே?"

"லிஸ்ட்ல இருக்கே, மேடம்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது, அங்கே அழவில்லை.

நான் ஏன் எழுதினேன் என்று கேட்கிறாய். உன் கேள்விக்கெல்லாம் விளக்கம் கொடுக்க நான் உன் பிரிவு எழுத்தர் இல்லை. "கம்பி சுத்தற கடையில என் ஆயுசு போகணுமா?" என்று உன் மாமா முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் நீ. உனக்கு வயரிங் சொல்லிக் கொடுத்த மனுஷர் அவர். இப்போது நீ செய்ததை அவரிடம் நான் சொல்லவில்லை. அவருக்கு இரத்த அழுத்தம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், உனக்காக இல்லை.

அவருக்கு அடுத்த கட்டிலில் ரிட்டயரான பஸ் கண்டக்டர் ஒருவர் படுக்கிறார். யாருக்கு நேரம் முடிந்தாலும் "எறங்கறவங்க எறங்கலாம்!" என்று கூவுவார், நர்ஸ் உட்பட எல்லோரும் சிரிப்பார்கள். அரசிதழைக் கேள்விப்பட்டு, "எஞ்சினைக் கழட்டிட்டு வண்டியை ஓட்டச் சொல்றாங்களா?" என்று என்னைக் கேட்டார். உன்னை மனசில் வைத்துக்கொண்டு நான் அவருக்கு என்ன பதில் சொல்ல?

ஒரே வழிதான். அந்தப் பட்டியல் தப்பு, பதினான்காவதை எடுக்கணும் என்று கோப்பில் நீ எழுது. உன் பேனாவால் போனது உன் பேனாவால் வரட்டும்.

அக்கா


வீடு,
மார்ச் 19

அக்கா,

நீ சொல்கிற மாதிரி எழுதுவதற்குப் பெயர் திருத்தக் குறிப்பு. அதில் முதல் கேள்வியே "தகவல் எங்கிருந்து பெறப்பட்டது" என்பதுதான். நான் என்ன எழுதுவேன்? உறவினர் ஒருவர் சலுகை கேட்டு எழுதிய தனிக் கடிதத்திலிருந்து என்று எழுதினால் அன்றைக்கே என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். விசாரணை எல்லாம் பிறகுதான். பதினேழு வருஷ வேலை, அக்கா. பெரியவர் கையெழுத்துப் போட்ட தாளில் தப்பு இருக்கிறது என்று இந்தக் கட்டடத்தில் இதுவரை யாரும் எழுதியதில்லை.

வேறு வழி ஒன்று இருக்கிறது. யோசித்துத்தான் சொல்கிறேன். ஆணை தடை செய்திருப்பது பெயரை. ஆய்வாளர் பட்டியலோடு வருவார், பெட்டியைத் திறப்பார், ஸ்டிக்கரைப் படிப்பார். அவருக்குக் காயிலைப் பார்த்து அடையாளம் தெரியாது. பி-9 என்று எங்கேயும் எழுதியிருக்காவிட்டால் அவர் குறித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஒரு ஸ்டிக்கர்தானே. கிழித்துப் போட இரண்டு நிமிஷம் ஆகாது.

மாமாவுக்கு ஒன்றும் ஆகாது. எனக்கும் ஒன்றும் ஆகாது. கோபத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு இதை மட்டும் செய்.

படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

தம்பி


பட்டறை,
மார்ச் 24

தம்பி,

கிழிக்கவில்லை. பிளாஸ்டிக் கவரில் போட்டு, பீரோவில் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன்.

ஸ்டிக்கரைக் கிழிக்கணுமா? அது கள்ளச் சரக்கா? நாங்கள் என்ன திருடிக்கொண்டு வந்தா பெட்டிக்குள் ஒளித்து வைத்தோம்? எட்டுத் தடவை எரிந்துபோய், ஒன்பதாவது தடவை மூன்று நாள் ஓட விட்டுப் பார்த்து, கையால் தொட்டுச் சூடு பார்த்து, அப்புறம் உன் மாமா தானே எழுதி ஒட்டினார் அந்த ஸ்டிக்கரை. அதை நானே போய் நகத்தால் சுரண்டணும், நீ நாற்காலியில் சௌகரியமாக உட்காரணும். நடக்காது. தப்பு செய்தவன் நீ, முகத்தை மறைத்துக்கொண்டு நிற்பது நாங்களா?

ஆய்வாளர் நேற்று முன்னோட்டம் பார்க்க டயாலிசிஸ் சென்டருக்கு வந்தார். சின்ன வயசு, கழுத்தில் அடையாள அட்டை, சட்டைப்பையில் டெஸ்டர். பெட்டியை நானே திறந்து காட்டினேன். "இதாங்க பி-9, நல்லாப் பாத்துக்கங்க" என்றேன். அவர் படம் எடுத்துக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி, "இதுல சிப்பே இல்லையேம்மா?" என்றார். "உங்க துணைச் செயலாளரைக் கேளுங்க" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

உனக்கு ஏப்ரல் முதல் தேதி வரை நேரம். அதற்குள் நீ குறிப்பு எழுதவில்லை என்றால், உன்னுடைய இரண்டு கடிதத்தையும் வக்கீலிடம் கொடுப்பேன். "உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்" என்பதை நீதிபதி உரக்கப் படிக்கட்டும், கேட்க ஆசையாக இருக்கிறது.

அக்கா


வீடு,
மார்ச் 28

அக்கா,

மிரட்டுகிறாய். சந்தோஷம். கொடு.

படம் எடுக்க விட்டுவிட்டாய். தப்பிக்க இருந்த ஒரே வழியை நீயே உன் கையால் அடைத்துவிட்டு என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறாய். மாமா பிழைக்க வேண்டும் என்பதா உனக்கு முக்கியம், நீ ஜெயிக்க வேண்டும் என்பதா? பதினெட்டு வருஷமாக அடைகாத்த கோபத்துக்கு இப்போது அவர் உடம்பு உனக்கு ஒரு சாக்கு.

நான் ஏன் பட்டறையை விட்டுப் போனேன் என்று ஒருநாளாவது கேட்டாயா? அங்கே உன்னைத் தவிர யாருக்கும் வாய் கிடையாது. மாமாவுக்கும் கிடையாது. கம்பியை எவ்வளவு இறுக்கணும், டீ எத்தனை மணிக்கு, யார் யாரோடு பேசணும், எல்லாம் நீ. மூச்சு முட்டித்தான் போனேன். போகிற வாக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன், சொல்லியிருக்கக் கூடாது. அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறாய்.

பி-9ஐ ஏன் எழுதினாய் என்று கேட்டேன். அதற்கு மட்டும் உன்னிடம் பதில் இல்லை.

இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை.


பட்டறை,
ஏப்ரல் 19

துணைச் செயலாளருக்கு,

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி காலை இன்வெர்ட்டரைக் கழற்றினார்கள். அதே சின்ன வயசு ஆய்வாளர்தான். பெட்டியில் சிவப்பு அரக்கு வைத்துவிட்டு, "மன்னிச்சிடுங்கம்மா" என்றார்.

செவ்வாய்க்கிழமை, ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் கரண்ட் போனது. எட்டு மெஷினும் கூவ ஆரம்பித்தன. நர்ஸுகள் இரண்டு பேர். மெஷினின் பம்பைக் கையால் சுற்றி எட்டுப் பேர் இரத்தத்தையும் உடம்புக்குள் திருப்பணும். சுற்றினார்கள், நானும் ஒரு மெஷினுக்கு நின்று சுற்றினேன். அன்றைக்கு யாருக்கும் வேலை முடியவில்லை. வியாழக்கிழமையும் அப்படியே. சனிக்கிழமை ஊசி போடுவதற்கு முன்பே கரண்ட் போய்விட்டது, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

உன் மாமாவுக்கு உடம்பு பூராவும் நீர் ஏறிவிட்டது. படுத்தால் மூச்சு வாங்குகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொள்கிறார்.

கண்டக்டர் நேற்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டைக் கழுவ எழுந்தவர் அப்படியே விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. மூன்று முறை அரைகுறையாகப் போனதில் இரத்தத்தில் உப்பு ஏறி இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். வீட்டில் மனைவி மட்டும்தான்.

ஏப்ரல் இரண்டாம் தேதியே உன் கடிதங்களை வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். வழக்கு போட்டாகிவிட்டது. இனிமேல் எழுதாதே.


வீடு,
ஏப்ரல் 23

அக்கா,

எழுதாதே என்றாய். இதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

மார்ச் இருபத்தெட்டாம் தேதிக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். மறுநாள் திங்கட்கிழமை காலை, இயக்குநர் வருவதற்கு முன்பே, திருத்தக் குறிப்பை எழுதிக் கோப்பில் வைத்துவிட்டேன். தகவல் எங்கிருந்து பெறப்பட்டது என்ற இடத்தில் "என் அக்காவின் கடிதம், முழுவதும் படிக்காமல்" என்று எழுதினேன். இயக்குநர் அதை இரண்டு தடவை படித்தார். "கடைசி ரெண்டு வார்த்தை வேண்டாமே" என்றார். "இருக்கட்டும் சார்" என்றேன்.

ஏப்ரல் எட்டாம் தேதியிலிருந்து நான் தற்காலிக நீக்கத்தில் இருக்கிறேன். குறிப்பு ஆறு மேஜை ஏறி இறங்கியிருக்கிறது. நேற்றுத்தான் அச்சகத்துக்குப் போனதாம், திங்கட்கிழமை அரசிதழில் வரும். ஒரே வரிதான்: வரிசை எண் பதினான்கு நீக்கப்பட்டது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கும், அந்தக் கெப்பாசிட்டர் இரண்டு தடவையும் இருக்கும். உன் வழக்கு நோட்டீஸும் வந்துவிட்டது. அதனால் இனி என்னைத் திரும்ப எடுக்க வாய்ப்பில்லை என்று ஊழியர் சங்கத்தில் சொல்கிறார்கள். உன்மேல் வருத்தமில்லை.

ஏன் அன்றைக்கே உனக்கு எழுதவில்லை என்று கேட்பாய். எழுதியிருந்தால் நீ மிரட்டியதற்குப் பயந்து செய்தேன் என்று ஆகிவிடும். அதனால் எழுதவில்லை. அவ்வளவுதான் காரணம். எழுதியிருந்தால் அந்தத் தாளைக் காட்டி நீ சென்டரில் கெடுவைத் தள்ளிப்போடக் கேட்டிருக்கலாம் என்பது இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

கண்டக்டர் வீட்டு விலாசம் அனுப்பு. போய்ச் சொல்ல வேண்டும்.

தம்பி


பட்டறை,
மே 3

தம்பி,

போன செவ்வாய்க்கிழமை இன்வெர்ட்டரைத் திரும்ப மாட்டினார்கள். அரக்கை நானே உடைத்தேன். சனிக்கிழமை நடுவில் ஒன்றரை மணி நேரம் கரண்ட் இல்லை. லைட் ஒரு தடவைகூடக் கண் சிமிட்டவில்லை. உன் மாமா நாலு மணி நேரமும் முழுசாகப் படுத்து எழுந்து, தானே நடந்து வந்தார். கால் வீக்கம் வற்றியிருக்கிறது. அடுத்த கட்டிலில் புதுசாக ஒரு பெண் படுக்கிறாள். நேரம் முடிந்ததும் கூவ ஆளில்லை. எல்லோரும் சும்மா எழுந்து போனோம்.

கழற்றுவதற்குப் பதினாலு நாள் முன்னாடியே நீ குறிப்பு வைத்தும் சொல்லாமல் இருந்ததைப் படித்து உன்னை அடிக்கணும் போலக் கோபம் வந்தது. ரோஷமாம். அப்புறம்தான் ஸ்டிக்கர் ஞாபகம் வந்தது, கோபம் அடங்கிவிட்டது. இரண்டு நிமிஷ வேலை என்றாய். அந்த இரண்டு நிமிஷத்தை நான் செலவழித்திருந்தால் கண்டக்டர் போன சனிக்கிழமையும் கூவியிருப்பார். இதை எழுதாமல் மழுப்பிவிடலாம் என்று நாலு நாள் பார்த்தேன், முடியவில்லை.

நீ இரண்டு தடவை கேட்டாய். முதல் தடவை உன்னைத் திட்டினேன், இரண்டாவது தடவை வக்கீலிடம் போனேன். பி-9ஐ அந்தப் பட்டியலில் எழுதியது ஞாபக மறதியில் இல்லை. பதிமூன்று பாகம் எழுதி முடித்தேன். எல்லாம் ஜப்பான், ஜெர்மனிச் சரக்கு, எழுத்தும் எண்ணுமாக வாயில் நுழையாத பெயர். கம்பி சுற்றுகிற கடை என்று சொல்லிவிட்டுப் போனானே, அவன் பார்க்கட்டும், இவ்வளவு பெரிய கம்பெனிச் சரக்குக்கு நடுவில் நாங்கள் செய்ததும் ஒன்று நிற்கிறது என்று தோன்றியது. எழுதிவிட்டேன். அதற்குக் கீழே மிச்சம் இரண்டை எழுதி மூடிவிட்டேன். உனக்குக் காட்டத்தான். அதைப் பார்த்துத்தான் நீ பதினாறும் எங்கள் சரக்கு என்று நினைத்தாய்.

இதையும் கோர்ட்டில் சொல்லியாகிவிட்டது. உன் கடிதம் மட்டும் அங்கே தனியாக இருக்கக் கூடாது என்று, என் ஜனவரிக் கடிதத்தின் நகலையும் ஸ்டிக்கர் பற்றி நான் உனக்கு எழுதியதன் நகலையும் வக்கீலிடம் கொடுத்தேன். "இது உங்களுக்கே பாதகம்மா" என்றார். "இருக்கட்டும் சார்" என்றேன். நீ சொன்ன மாதிரியே சொல்லியிருக்கிறேன் என்று வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது.

ஒன்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, உன் மாமாவிடம்கூட. மார்ச் மூன்றாம் தேதி போர்மேன் செல்போனை நீட்டியபோது, அது தடைப் பட்டியல் என்று எனக்கு இன்னும் புரியாத ஒரு நொடி இருந்தது. பெரியவர் கையெழுத்துக்குக் கீழே பி-9 என்று அச்சில் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, தம்பி. கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டானே என்று நினைத்தேன். அதற்கப்புறம் உனக்கு எழுதிய அத்தனை திட்டும் அந்த ஒரு நொடிக்காக எனக்கு என்மேல் வந்த கோபம்.

கண்டக்டர் வீட்டு விலாசம் கேட்டாய். எழுத மாட்டேன். நீ தனியாகப் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வா, இரண்டு பேரும் சேர்ந்து போய் அந்த அம்மா முன்னால் நிற்போம். ஸ்டிக்கர் விஷயத்தை நான் சொல்கிறேன். மற்றதை நீ சொல்லணும்.

அக்கா